செம்பாறைப் படத்தில் இருந்த அருவி

எங்கள் வீட்டில் சாமி படம் போட்ட காலண்டர் மாட்டுகிற வழக்கம் இல்லை. சர்ச்சுக்குப் போகிற குடும்பம். என் கணவருக்கோ சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் ஆர்ட்டிஸ்ட் வேலை. பகல் முழுக்க லட்சுமிக்கு நகை பூட்டி, முருகனுடைய மயிலுக்குத் தோகை விரித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு சீனரி காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வருவார். பனிமலை, காற்றாலை, ரோஜாத் தோட்டத்துக்கு நடுவே ஓட்டு வீடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். வருஷம் மாறினால் சுவரில் படமும் மாறும். ஒரே ஒரு படத்தை மட்டும் நான் மாற்ற விடவில்லை.

அது செம்பாறைப் படம். மரம் செடி இல்லாத வெளியில் சிவப்புச் சிவப்பாகப் பாறைகள். தோசையை அடுக்கி வைத்தது மாதிரி வரிவரியாக இருக்கும். ஒரு பாறையின் நடுவில் பெரிய ஓட்டை விழுந்து, வளைவு போல நின்று, அதன் வழியாக வானம் தெரியும். இன்னொன்று ஒல்லியான கழுத்தின்மேல் பெரிய உருண்டையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிற பொம்பளை என்றுதான் நான் அதைச் சொல்வேன். அந்தப் பொம்பளையின் காலடியில் வெள்ளை வெளேரென்று ஓர் அருவி விழுந்து, சின்னக் குளமாகத் தேங்கி நிற்கும். படத்துக்குக் கீழே இருந்த தேதி அட்டையைக் கத்தரித்துவிட்டு, படத்தை மட்டும் அடுப்படிக்குப் போகிற வழியில் ஒட்டி வைத்தேன். ஓரம் கிழிந்தபோது டேப் போட்டேன். டேப் மஞ்சளானபோது மேலே இன்னொரு டேப் போட்டேன்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதி சர்வீஸ் தீக்காய வார்டில் போனது. எங்கள் பக்கத்தில் அந்த வார்டு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தூரத்தில் பட்டாசு ஆலை வெடிக்கிற சத்தம் கேட்டால் ஊரே வேலையை நிறுத்திவிட்டு எந்தத் திசை என்று காது கொடுக்கும். நாங்கள் வார்டில் கட்டில் ஒதுக்க ஆரம்பித்துவிடுவோம். வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர். கேட்ட உடனே கேட்ட அளவுக்குக் கொடுத்துவிட முடியாது. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்போம். "இன்னும் கொஞ்சம் தாங்க தாயி" என்று அவர்கள் கேட்கக் கேட்க, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அந்தத் தலையாட்டலைச் சம்பளத்துக்காகச் செய்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் தண்ணீர்ப் பாடுதான். குழாயில் தண்ணீர் வருகிற நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது. வரிசையாகக் குடங்களும் பிளாஸ்டிக் டிரம்களும் நிற்கும். அவற்றைத் தாண்டி அடுப்படிக்குப் போகும் வழியில், யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிடுவேன். விழுகிற தண்ணீர். யாரும் அளந்து ஊற்ற வேண்டாத தண்ணீர். என் கணவர் பின்னால் வந்து நிற்பது தெரியும். ஒருநாள் நாம இங்க போயி நிக்கணும் என்று சொல்வேன். பாப்போம் என்பார். எந்த ஊரு இது என்று கேட்டால், எங்கியோ வெளிநாடு, கம்பெனியில போட்டோ ஸ்லைடு வாங்கினது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

எங்கள் மகள் படித்து, கல்யாணமாகி, அமெரிக்காவுக்குப் போனாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது அந்தப் படத்தைப் போனில் பிடித்து ஏதோ தேடினாள். இரண்டு நிமிஷத்தில் இடம் கிடைத்துவிட்டது. யூட்டா என்கிற மாநிலத்தில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு தேசியப் பூங்கா. பூங்கா என்றால் நம் ஊர்ப் பூங்கா மாதிரி சறுக்கு மரமும் சிமெண்டு மானும் கிடையாது. மணற்கல் பாறைகள் மட்டும் மைல் கணக்கில் நிற்கிற இடம். காற்றும் மணலும் அறுத்து அறுத்து அப்படி ஆகிவிட்டதாம். அந்தப் பொம்பளையின் குடமும் கழுத்தும், அந்த வளைவும் அப்படியே போனில் வந்தன. தன் வீட்டிலிருந்து ஒரு நாள் டிரைவ்தான் என்று மகள் சொன்னாள். சட்னி அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தேன். இவரோ போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமையில் கம்பெனியில் என்ன வேலையோ.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மகள் கூப்பிடுவாள், ஒவ்வொரு வருஷமும் இவர் ஒரு காரணம் சொல்வார். ஆடிப்பெருக்கு அன்று புது வருஷத்துக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியாகும், அதற்கு முன்னால் அசைய முடியாது. அதன் பிறகு ஆர்டர் வர ஆரம்பிக்கும், ஜனவரி வரைக்கும் சீசன். சீசன் முடிந்தால் அங்கே குளிர். குளிர் முடிந்தால் இங்கே அடுத்த ஆல்பத்துக்கு டிசைன். நான் ஓய்வு பெற்றேன். இரண்டு பேரும் பாஸ்போர்ட் எடுத்தோம். சென்னைக்குப் போய் வரிசையில் நின்று விசாவும் வாங்கிவிட்டோம். டிக்கெட் போடுகிற நேரத்தில் மூட்டு வலி என்று உட்கார்ந்துகொண்டார்.

எனக்குக் கோபம் வராமல் இருக்குமா. நான் வாய்க்காரி. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் அவரைக் கிண்டல் செய்தேன். இவர் திருத்தங்கல் ரயில்வே கேட்டைத் தாண்டினால் சிவகாசியில் மிஷின் எல்லாம் நின்றுபோகும் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பில்லை. இந்த மனுஷனிடம் நான் பட்டுப்புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. ஓர் இடத்துக்குக் கூட வாருங்கள் என்றுதான் கேட்டேன். அதற்கு இத்தனை சாக்கு என்றால் இவருக்கு நான் என்ன என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

கடைசியில் மகளுக்கு இரண்டாவது பிரசவம் வந்தது. யாராவது போயாக வேண்டும். நான் போனேன், அவர் போகவில்லை. மதுரை விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தவர், அந்தப் பாறை இருக்கிற பக்கமெல்லாம் எதுக்கு, பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு அலையாதீக என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவள் பார்க்காமல் திரும்புவேனா என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். திரும்பிக் கை ஆட்டினேனா என்று ஞாபகம் இல்லை.

குழந்தைக்குத் தலை நின்றதும் மகளும் மருமகனும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வது. சாத்தூரிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும்போது இரண்டு பக்கமும் கரிசல் வெளியாகக் கிடக்குமே, அதில் கருவேல மரத்தையும் பிடுங்கிவிட்டு, மண்ணுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிவிட்டு, நாள் முழுக்க நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. வீடு இல்லை, டீக்கடை இல்லை, போனில் சிக்னல் இல்லை. எதிரே ஒரு வண்டி வந்தால் ஓட்டுகிறவர் விரலைத் தூக்கி வணக்கம் வைக்கிறார்.

பூங்காவின் வாசலில் ஒரு பலகை இருந்தது. மகள் வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்குப் படித்துக் காட்டினாள். இந்தப் பூங்காவுக்குள் எங்கேயும் தண்ணீர் கிடையாது, வேண்டிய தண்ணீரை நீங்களே கொண்டு வாருங்கள் என்று போட்டிருந்தது. குடிக்கிற தண்ணீரைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அருவித் தண்ணீரை இந்த ஊர்க்காரர்கள் குடிக்க மாட்டார்கள் போல என்று மகளிடம் சொன்னேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள், அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவள்தானே. வண்டியில் இருந்த தண்ணீர்க் கேன்களை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மருமகன் குழந்தையோடு வண்டி நிறுத்துமிடத்தில் இருந்துகொண்டார். நானும் மகளும் மணல் பாதையில் நடந்தோம். நல்ல வெயில். எங்கள் விருதுநகர் வெயிலைப் பார்த்தவளை அது என்ன செய்யும். ஒரு திருப்பத்தில் அந்தக் குடத்துப் பொம்பளை நின்றாள். படத்தில் சாண் உயரம் இருந்தவள் அங்கே சர்ச் கோபுரம் அளவுக்கு நின்றாள். கிட்டப் போய்த் தொட்டேன். உள்ளங்கையில் மணல் ஒட்டியது. அவ்வளவு பெரிய பாறை, தேய்த்தால் பொடி உதிர்கிறது. அத்தனை வருஷம் அடுப்படி ஓரத்தில் பார்த்துக்கொண்டிருந்ததன்மேல் கை வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. பிறகு குனிந்து அவள் காலடியைப் பார்த்தேன்.

மணல். ஒரு முள்ளுச் செடி. அவ்வளவுதான்.

நாம் பின்பக்கமாக வந்துவிட்டோம் என்று நினைத்தேன். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். அங்கேயும் மணல். வேறு பாறையாக இருக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம் என்று மகளை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஈரம் இருக்கிறதா, பாசி இருக்கிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டே போனேன். சத்தம் கேட்கிறதா என்று அங்கங்கே நின்றேன். காற்றின் சத்தம்தான் கேட்டது. பிள்ளை பெற்ற உடம்புக்காரியை இப்படி அலைக்கழிக்கிறோமே என்று ஒரு பக்கம் தோன்றியது. இருந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை.

தொப்பி வைத்த பூங்கா ஊழியர் ஒரு பெண் எதிரே வந்தாள். மகள் போனில் வைத்திருந்த எங்கள் வீட்டுப் படத்தை அவளிடம் காட்டிக் கேட்டாள். அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பாறை எங்கள் பாறைதான், தண்ணீர் எங்களுடையது இல்லை என்றாள். மழை பெய்தால் திடீரென்று வெள்ளம் வரும், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும், அருவி என்று ஒன்று இங்கே ஒருநாளும் இருந்ததில்லை என்று மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யம்மா, அப்பாதாம்மா போட்டிருக்காக. கம்ப்யூட்டர்ல ஒட்டிருக்காக."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏமாற்றப்பட்ட கோபம். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆடிப்பெருக்கு, சீசன், குளிர், மூட்டு வலி, ஞாயிற்றுக்கிழமையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியது. மனுஷன் இத்தனை வருஷமாக ஓர் அருவிக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார். இதை நினைத்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். உடனே அவரிடம் பேச வேண்டும் போல இருந்தது. வா போவோம், போனில் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போவோம் என்று மகளை அவசரப்படுத்தினேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மகள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். யம்மா, ஒரு நிமிசம் திரும்பிப் பாருங்க, பாறை கலர் மாறுது பாருங்க என்றாள். எத்தனையோ தூரத்திலிருந்து ஜனங்கள் அந்த நேரத்தைப் பார்க்கத்தான் வருகிறார்களாம். நான் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

சிக்னல் கிடைத்தபோது இந்தியாவில் பொழுது விடிந்திருந்தது. அவர் எடுத்தார். பார்த்தியா என்று கேட்டார், அவ்வளவுதான். குரல் ஒரு மாதிரி இருந்தது. போனில் வேண்டாம், நேரில் வைத்துக்கொள்வோம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பாத்தேன், வந்து பேசுறேன் என்று வைத்தேன்.

ஊருக்குத் திரும்பிய அன்று அவர் எனக்குக் காப்பி ஆற்றிக் கொண்டுவந்தார். டம்ளரை மேசையில் வைக்கிறேன் என்று மேசைக்கு ஒரு விரல்கடை வெளியே வைத்தார். டம்ளர் கீழே விழுந்து உருண்டது. நான் எத்தனையோ பேரைப் பார்த்த நர்ஸ். ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு கண்ணையும் பார்த்தேன். எப்ப இருந்து என்று கேட்டேன். ரெண்டு வருசமா ஓரத்துல தெரியல என்றார். வயசானால் அப்படித்தான் என்று நினைத்தாராம். நான் போன பிறகு ரொம்ப மோசமாகி, கம்பெனி வேலையையும் விட்டுவிட்டு, போனில் என்னிடம் சீசன் டல் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

மதுரையில் கண் டாக்டரிடம் காட்டினோம். கண் அழுத்தம் என்றார். போன பார்வை போனதுதான், இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், நிறமெல்லாம் இனிமேல் வெளிறித்தான் தெரியும் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வாக்கியத்தை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்கிற பக்கத்தில் உட்காருவது வேறு.

திரும்பி வரும்போது பஸ் விருதுநகரில் நின்றது. பரோட்டாக் கடையிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. இறங்கிச் சாப்பிட்டுப் போவோமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். என் முகம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் தைரியம் வந்ததோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கேட்டார்.

"அங்கன தண்ணி இல்லேல்ல."

"இல்ல."

"அது பழைய குத்தாலம். நமக்குக் கல்யாணமான புதுசுல போனோம்ல, அப்ப நான் எடுத்த போட்டோ. வறண்ட படத்தை எந்தக் கடைக்காரன் மாட்டுவான்னு ஆர்டர் பிடிக்கிற ஏஜென்ட் வேண்டாம்னு தள்ளிட்டாரு. அதான் ஒட்டுனேன். நீ ஆஸ்பத்திரில இருந்து வந்து அந்தத் தண்ணி முன்னாலதான் நிப்ப. அதப் பொய்யின்னு எப்படிச் சொல்ல? அங்கன கூட்டிட்டுப் போயி, தண்ணி எங்கனன்னு நீ என்னையத் திரும்பிப் பார்த்தேன்னா, நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைப்பேன்?"

இரண்டு மணி நேரத்தில் போகிற குற்றாலத்து அருவியைத் தேடி அமெரிக்கா வரை போய் வந்திருக்கிறேன். வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே அவரை ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். அன்றைக்கு மனசு வரவில்லை.

"தண்ணி இல்லாத ஊரு எனக்கு என்ன புதுசா," என்றேன். "பொறந்ததுல இருந்து அதத்தான பாக்கேன். நீங்க கூட வந்து நின்னிருந்தா எனக்குப் போதும்."

பஸ்ஸில் ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"அப்ப நானும் வந்திருக்கலாம்," என்றார்.

வந்திருக்கலாம். மகள் முதல் தடவை கூப்பிட்டபோது வந்திருந்தால் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கலாம். அந்தப் படத்தின் ஸ்லைடு கைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கும் அந்த இடத்தைப் பார்க்க ஆசை இருந்திருக்கிறது. அதையும் அப்போதுதான் சொன்னார். ஸ்லைடில் பாறை வேறு நிறமாக இருந்ததாம். இன்னும் சிவப்பு வேண்டும் என்று கம்பெனியில் சொன்னதால் இவர் மெஜந்தா சிவப்பை ஏற்றி ஏற்றி வைத்தாராம். ஸ்லைடும் உண்மையில்லை, நான் போட்டதும் உண்மையில்லை, அந்தக் கல்லோட சொந்தக் கலர் என்னன்னு ஒருநாள் நேர்ல பாத்துரணும்னு நெனச்சிருந்தேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் முகம் இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் அவர் கண் நின்றது.

"நீ பாத்தேல்ல, சொல்லு. என்ன கலரு?"

"செவப்புதான்."

"எந்தச் செவப்பு? செங்கலா, மொளகா வத்தலா? வெயில் சாயும்போது எப்படி இருந்துச்சு?"

போனில் மகள் எடுத்த படங்கள் இருக்கின்றன, வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போன் அதுவா கலரைக் கூட்டிக்கிடும், அது வேண்டாம், நீ கண்ணால பாத்ததச் சொல்லு என்றார். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். மணல் வந்தது. முள்ளுச் செடி வந்தது. என் செருப்பு வந்தது. பாறையின் பக்கம் பார்வையை உயர்த்தினால் அடுப்படிச் சுவரில் இருந்த பாறைதான் வந்தது, அவர் போட்ட சிவப்பில்.

"நான் கீழயே பாத்துக்கிட்டு இருந்துட்டேங்க," என்றேன். "தண்ணியத் தேடிக்கிட்டு."

அவர் தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பினார். மகள் அன்றைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள், ஒரே ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள் என்று. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான்தான் அங்கே போனேன். போயும் அவருக்காகப் பார்த்துக்கொண்டு வரவில்லை.